பெயர்ச்சீட்டு இல்லாத பிளம்ஸ் கன்று

ஆசிரியர் உரை

"மரம் கிளை தெரியாமல் பூக்கிறது சார், ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை." குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் நாற்றுப்பண்ணை நடத்துபவர்களும் தோட்டக்கலை அலுவலர்களும் பூப்பருவம் முடிகிற நேரத்தில் இந்தப் புகாரைக் கேட்காமல் தப்பிக்க முடியாது. நாம் சொல்லும் பதில்களும் ஏறக்குறைய மனப்பாடம்: போரான் தெளியுங்கள், தொழு உரத்தைக் கூட்டிப் போடுங்கள், தூரைச் சுற்றிக் கொத்திவிடுங்கள். "அது ஆண் மரம், வெட்டிப் போடுங்கள்" என்று சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. பிளம்ஸில் ஆண் மரம், பெண் மரம் என்ற பேச்சே கிடையாது. சூலகமும் மகரந்தப்பையும் ஒரே பூவில்தான் இருக்கின்றன. முதலில் கேட்க வேண்டியது "என்ன ரகம்?" என்பதை. கேட்டால் வீட்டுக்காரருக்குத் தெரியாது. விற்றவருக்கும் பெரும்பாலும் தெரியாது. சீசன் தொடக்கத்திலேயே பழுக்கும் என்று சொல்லிக் கொடுத்தார்கள், வாங்கி வைத்தோம் என்பதோடு கதை முடிந்துவிடும்.

வீட்டுத் தோட்டத்துக்கு முன்பருவ ரகத்தைப் பரிந்துரைப்பதில் தவறில்லை. சொல்லப்போனால் ஒரே ஒரு பிளம்ஸ் மரத்துக்குத்தான் இடம் என்றால் அது முன்பருவ ரகமாக இருப்பதுதான் புத்திசாலித்தனம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், உதகை போன்ற மேற்குப் பகுதிகளில் பழுக்கும் நிலையில் உள்ள பழம் வெடிக்கும், அழுகும், சர்க்கரை ஏறாமல் சப்பென்று போகும். கிழக்கே ஒதுங்கிய குன்னூரிலும் கோத்தகிரியிலும் அந்த மழையின் வேகம் குறைவு என்றாலும் ஈரமும் மூடுபனியும் விடுவதில்லை. பழ ஈயும் அப்படித்தான். வெயிலும் ஈரமும் சேர்ந்து, கொய்யாவும் பீச்சும் பிளம்ஸும் அடுத்தடுத்துப் பழுக்கும்போது அதன் தலைமுறைகள் பெருகுகின்றன. மே மாதத்திலேயே பறித்து முடிக்கிற மரம் இந்த இரண்டு தொல்லைகளிலும் பெரும் பகுதியைத் தாண்டிவிடும். மருந்து தெளிக்க விரும்பாத வீட்டுக்காரருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. முன்பருவ ரகங்கள் பலவற்றின் பழம் மென்மையானது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் தோன்றிய மெத்லியை எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானிய பிளம்ஸும் செர்ரி பிளம்ஸும் கலந்து பிறந்த ரகம். தோலும் சதையும் சிவப்பு, நல்ல இனிப்பு. ஆனால் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றினால் தாங்காது. வியாபாரிக்கு இது குறை. மரத்தடியிலேயே பறித்துத் தின்பவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. குளிர்த் தேவையும் மெத்லிக்குக் குறைவு.

இவ்வளவு நல்ல சரக்கை நாம் விற்கும் விதத்தில்தான் கோளாறு. முன்பருவம் என்பதைப் பழத்தின் குணமாக மட்டும் சொல்லி விற்கிறோம். அது மரத்தின் ஆண்டு முழுவதையும் மாற்றியமைக்கும் குணம் என்பதைச் சொல்வதில்லை.

பின்பருவ ரகம் பூத்ததிலிருந்து பழுக்க நான்கு, ஐந்து மாதம் எடுத்துக்கொள்கிறது என்றால் முன்பருவ ரகம் மூன்று மாதத்தை ஒட்டியே வேலையை முடித்துவிடுகிறது. பிஞ்சில் செல் பிரிவது, கொட்டை கெட்டிப்படுவது, கடைசியில் சதை உப்புவது ஆகிய மூன்றும் அந்தக் குறுகிய காலத்துக்குள் நெருக்கியடித்து நடக்க வேண்டும். அதனால்தான் முன்பருவப் பழம் இயல்பிலேயே சிறுத்திருக்கிறது. அதைப் பெரிதாக்க நம் கையில் இருக்கும் பலமான கருவி பிஞ்சு கலைத்தல். கோலிக்குண்டு அளவு வருவதற்குள், ஒரு பிஞ்சுக்கும் அடுத்ததற்கும் நாலு விரல்கடை இடைவெளி விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். கொட்டை கெட்டியான பிறகு கலைப்பதால் பெரிய பயன் இல்லை. கத்தியால் ஒரு பிஞ்சைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள், கத்தி நடுவில் தடுக்கினால் நேரம் கடந்துவிட்டது. காய்த்த பிஞ்சைக் கிள்ளிப்போட வீட்டுக்காரருக்கு மனம் வராது. பக்கத்தில் நின்று முதல் கிளையை நாமே கலைத்துக் காட்டினால்தான் உண்டு.

நீர் விஷயமும் இதோடு சேர்ந்தது. பின்பருவ ரகம் உப்பும்போது வானமே தண்ணீர் ஊற்றுகிறது. முன்பருவ ரகம் உப்புவதோ ஏப்ரல், மே மாதங்களில், வீட்டுக் குழாயில் தண்ணீர் முறைவைத்து வரும் காலத்தில். அந்த நாலைந்து வாரம் மண் காய்ந்து கிடந்துவிட்டுத் திடீரென்று கோடை மழை கொட்டினால் தோல் வெடிக்கும். மூடாக்கு கனமாகப் போட்டு, சமையலறைக் கழுவுநீரையாவது சோப்பு கலக்காமல் திருப்பிவிடச் சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டமாக இருந்து வீட்டுமனை ஆன இடங்களில் மண்ணின் புளிப்பையும் பார்த்துக்கொள்வது நல்லது. தேயிலை விரும்பும் 4.5 முதல் 5.5 வரையிலான கார அமில நிலை பிளம்ஸுக்குக் கொஞ்சம் அதிகப் புளிப்பு; மண் பரிசோதனை செய்து டோலமைட் இட்டு அதை உயர்த்திக்கொள்ளலாம்.

இனி நம் புகாருக்கு வருவோம். நம் மலைகளில் வளரும் பிளம்ஸ் ரகங்கள் பெரும்பாலும் ஜப்பானிய இனத்தைச் சேர்ந்தவை அல்லது அதன் கலப்புகள். இந்த இனத்தில் பல ரகங்களுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது. மகரந்தத் தூள் சூல்முடியில் விழுந்து முளைவிட்டாலும், அதன் குழல் சூல்தண்டிலேயே தடுக்கப்பட்டு நின்றுவிடுகிறது. மெத்லி, சான்டா ரோசா போன்ற சில ரகங்கள் ஓரளவு தனித்தும் காய்க்கும். அவையும் துணை இருந்தால் கூடுதலாகக் காய்க்கும். துணை என்றால் ஏதோ ஒரு பிளம்ஸ் இல்லை. ஐரோப்பிய பிளம்ஸின் நிறப்புரிகள் 48, ஜப்பானியத்துக்கு 16. ஒன்றின் மகரந்தத்தை நம்பி மற்றதை வைக்க முடியாது. ஜப்பானிய இனத்திலேயே வேறொரு ரகமாக இருக்க வேண்டும்; அதுவும் அதே வாரத்தில் பூக்க வேண்டும். முன்பருவ ரகங்களில் பல சீக்கிரமே பூத்துவிடுபவை. பக்கத்து வீட்டுப் பின்பருவ மரம் கண் விழிக்கும்போது நம் மரத்தில் இதழ் உதிர்ந்து முடிந்திருக்கும்.

பஞ்சாபைப் பாருங்கள். லூதியானா வேளாண் பல்கலைக்கழகம் சமவெளிக்கென்று பரிந்துரைக்கும் சட்லஜ் பர்ப்பிள் மே மாதத்திலேயே பழுக்கும் ரகம். அது தனித்துக் காய்க்காது என்பதை ஒளிக்காமல் சொல்லி, மகரந்தத்துக்குக் காலா அமிர்தசரியைக் கூடவே நடச் சொல்கிறார்கள். அங்கே கன்று வாங்குபவருக்கு இரண்டு பெயரும் சேர்ந்தேதான் காதில் விழுகின்றன. நம் மலைகளிலும் ரூபியோ, ஹேல், கவியோட்டா என்று பெயர்கள் இல்லாமல் இல்லை. பழத்தோட்டப் பதிவேடுகளில் இருக்கும் அந்தப் பெயர்கள் சாலையோரக் கன்றுக் கடைக்கு வருவதற்குள் 'ஊட்டி பிளம்ஸ்' என்ற ஒரே பெயராகக் கரைந்துவிடுகின்றன. குன்னூர் சிம்ஸ் பூங்காவில் மே மாதம் நடக்கும் பழக் கண்காட்சியைப் பார்த்துவிட்டுக் கன்று தேடி வருபவர் கையில் நாம் கொடுத்து அனுப்புவது அந்தப் பெயரைத்தான்.

சீக்கிரம் பூப்பதில் உறைபனி ஆபத்தும் இருக்கிறது. பூ விரிந்த நிலையில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே சேதம் தொடங்கிவிடும். குளிர்காற்று தண்ணீர்போலப் பள்ளத்தை நோக்கி இறங்கித் தேங்கும். வீட்டின் கீழ்ப்புற மூலை, ஓடையோரம், மதில் தடுத்து நிற்கும் தாழ்வான இடம் ஆகியவை முன்பருவ பிளம்ஸுக்கு ஆகாதவை. பனி விழுந்த மறுநாள் மதியம் பத்துப் பூக்களைப் பிரித்துப் பாருங்கள். இதழ் பார்க்க வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். நடுவில் இருக்கும் சூலகம் பச்சையாக இருக்கிறதா, பழுப்பாகிவிட்டதா என்பதுதான் கணக்கு. பழுப்பாகியிருந்தால் துணைமரம் இருந்தும் பயனில்லை. காய்க்காததற்குப் பனி காரணமா, மகரந்தம் காரணமா என்று பிரித்தறிய இதைவிட எளிய சோதனை இல்லை. ஆனால் பூக்கும் காலத்தில் போய்ப் பார்க்காமல், ஏப்ரலில் போய் நின்றுகொண்டு போரான் எழுதிக் கொடுக்கிறோம்.

நல்ல முன்பருவ மரம் ஒன்றைக் கண்டால் அதன் கொட்டையைப் போட்டுக் கன்று எடுக்கலாம் என்ற ஆசை நாற்றுப்பண்ணைக்காரர்களிடமும் இருக்கிறது. கொட்டையை உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழம் முந்திப் பழுத்துவிடுவதால் உள்ளே பருப்பு முற்றாமல் சுருங்கிக் கிடக்கும். இத்தகைய ரகங்களைக் கலப்பு செய்யும் ஆராய்ச்சியாளர்கள் கருவைத் தனியே எடுத்துச் சோதனைக்குழாயில் வளர்ப்பதற்குக் காரணமே இதுதான். தப்பி முளைத்தாலும் அது தாய் மரமாக இருக்காது. பீச் வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய கன்றே நமக்கு வழி. பீச் வேருக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது என்பதையும், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை உடனுக்குடன் கிள்ள வேண்டும் என்பதையும் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும். அந்தத் தளிரை விட்டுவைத்து, ஐந்தாம் வருடம் பீச் பழம் பறித்துவிட்டு நம்மைத் திட்டும் வீடுகள் உண்டு.

மே மாதம் பறித்து முடித்ததும் மரத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஆண்டின் பூமொட்டு அதற்குப் பிறகான மாதங்களில்தான் உருவாகிறது, அதுவும் இலையின் பலத்தில். மழைக்காலத் துரு நோய் இலையைக் கொட்டவைத்தால் மரம் வலுவிழக்கும். சில வேளை காலம் தவறி மழைக்காலக் கடைசியிலேயே பூத்துத் தொலைக்கும். ஆகவே பறிப்புக்குப் பின் ஓர் உரமிடலும், உள்நோக்கி நிமிரும் போத்துக்களை அகற்றி நடுவைக் கிண்ணம்போல் திறந்துவைப்பதும், உதிர்ந்த பழத்தையும் இலையையும் பொறுக்கிப் புதைப்பதும் விட்டுப்போகக் கூடாது. முதன்மைக் கவாத்து இலை உதிர்ந்த பிறகு, டிசம்பர் ஜனவரியில்.

ஆக, கன்றில் கட்டும் சீட்டில் மூன்று தகவல்களை எழுதித் தரும் வழக்கத்தை நம் தொழிலில் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது இவ்விதழின் கோரிக்கை: ரகத்தின் பெயர், அதற்கான துணை ரகம், வேர்ச்செடி. பெயர் தெரியாத தாய்மரமானால் 'பெயர் தெரியாது, துணை தேவைப்படலாம்' என்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. வியாபாரம் கெடும் என்ற பயமும் வேண்டாம். துணை தேவை என்று சொல்லும் கடை ஒன்றுக்குப் பதில் இரண்டு கன்று விற்கும்.

ஏற்கெனவே தனித்து நின்று பூத்து உதிரும் மரங்களுக்கும் வழி இருக்கிறது. இரண்டாவது மரத்துக்கு இடமில்லாத மனையில், அதே மரத்தின் ஒரு கிளையில் துணை ரகத்தை ஆப்பு ஒட்டாகக் கட்டிவிடலாம். ஜனவரியில், மொட்டு வீங்குவதற்கு முன், பென்சில் கனமுள்ள ஒட்டுக்குச்சி போதும். ஒட்டுப் பிடித்துப் பூக்க இரண்டு மூன்று வருடமாகும். அதுவரை, வேறு தோட்டத்தில் அதே சமயம் பூக்கும் துணை ரகத்தின் கிளைகளை வெட்டிவந்து, தண்ணீர் நிரம்பிய வாளியில் நிறுத்தி மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் தேனீக்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மொட்டுப் பாதி விரிந்த கிளையாக எடுத்தால் நாலைந்து நாள் தாங்கும். ஒட்டுக் கட்டிய கிளைக்கு மட்டும் அழியாத வண்ணத்தில் ஒரு வளையம் பூசிவையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த டிசம்பரில் கவாத்துக்கு வரும் ஆள் அதைப் போத்து என்று நினைத்து முதல் வெட்டிலேயே எடுத்துவிடுவார்.