சுபாங்கா, மீரியா?

கேரி தீவின் நடுவிலிருந்து சுபாங் விமான நிலையமும் செப்பாங்கிலுள்ள கே.எல்.ஐ.ஏ.வும் ஏறக்குறைய ஒரே தொலைவுதான். நேர்க்கோட்டில் அளந்தால் இரண்டும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். செப்பாங் பக்கம் பெரிய ஜெட்டுகள், சுபாங் பக்கம் விசிறி வைத்த ஏ.டி.ஆர்கள். செம்பனைத் தோட்டத்து வீடுகளிலிருந்தும், கிள்ளான், பந்திங் வட்டாரத்திலிருந்தும் புறப்பட்டு, பெற்றோரின் சேமநிதியையும் வீட்டு அடமானத்தையும் கரைத்து உரிமம் எடுத்த இளைஞர்கள் இன்று இவ்விதழின் வாசகர்களில் கணிசமானோர். பயிற்சிக்கான செலவு கால் மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டுகிறது. கையில் இருப்பதோ இருநூறு மணி நேரத்துக்கு முன்னும் பின்னுமான பறப்புக் கணக்கு. வட்டார விமான நிறுவனத்தில் சேர்வதா, ஜெட் அழைப்பு வரும்வரை பொறுத்திருப்பதா என்பதே அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி.

சேரலாம் என்பது எங்கள் கருத்து. ஆனால் அந்த முடிவோடு யோசனையை நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் கவலை. “ஏ.டி.ஆர்தானே, ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, அப்புறம் ஏர்பஸ்ஸுக்குத் தாவிடலாம்” என்று பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களில் மூத்தவர்கள் சொல்லும் புத்திமதி, வட்டார நிறுவனங்கள் எல்லாம் ஒன்றே என்ற எண்ணத்தை விதைக்கிறது. எங்கே கதவு திறக்கிறதோ அங்கே நுழைந்துவிடுகிறார்கள். ஒரு விமானியின் பழக்கவழக்கங்கள் உறைவது முதல் ஆயிரம் மணி நேரத்தில்தான். அதை எங்கே கழிக்கிறோம் என்பது தற்செயலாக அமைய விடக்கூடாத விஷயம்.

நேர்காணலுக்குப் போகுமுன் விசாரிக்க வேண்டியது விமானத்தின் மாடலை அல்ல. காலி இருக்கைக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதை.

சபா, சரவாக் ஊரக விமானச் சேவையை எடுத்துக்கொள்வோம். 2006 ஆகஸ்டு 1ஆம் தேதி மலேசியா ஏர்லைன்ஸ் அதை ஃபேக்ஸ் எனப்பட்ட ஃப்ளை ஏசியன் எக்ஸ்பிரஸிடம் ஒப்படைத்தது. பதினான்கே மாதத்தில், 2007 அக்டோபர் 1ஆம் தேதி, அது மாஸ்விங்ஸின் கைக்கு வந்தது. 2025 பிப்ரவரியில் சரவாக் அரசு மாஸ்விங்ஸை வாங்க ஒப்பந்தம் செய்தது. புதிய பெயர் ஏர்போர்னியோ. இருபது ஆண்டுக்குள் நான்கு பெயர்ப்பலகைகள். ஆனால் மீரியிலிருந்து மாருடிக்கும் பாரியோவுக்கும் லோங் செரிடானுக்கும் போகும் பத்தொன்பது இருக்கை ட்வின் ஆட்டருக்கு வேலை குறையவில்லை. மலைக்கிராமத்து நோயாளியும் ஆசிரியரும் பாரியோ அரிசி மூட்டையும் அந்த விமானத்தை நம்பியிருக்கிறார்கள். டிக்கெட் விலையில் ஈடுகட்ட முடியாத செலவை அரசு மானியம் ஏற்கிறது. முதலாளி மாறினாலும் வழித்தடம் நிலைத்தது. இப்படிப்பட்ட வேலையை ‘உள்காட்டு வேலை’ என்று ஏளனமாகப் பேசுவோரை நாங்கள் அறிவோம்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ரயானி ஏர் 2015 டிசம்பரில் இரண்டு போயிங் 737-400களோடு பறக்கத் தொடங்கியது. தொடங்கியவர்கள் நம் தமிழ்த் தம்பதி என்பதால் நம்மில் பலருக்குக் கூடுதல் பெருமிதம்கூட இருந்தது. 2016 ஏப்ரலில் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்க, சேவை நின்றது. ஜூனில் உரிமம் ரத்து. மைஏர்லைன் 2022 டிசம்பர் 1ஆம் தேதி ஏ320களோடு புறப்பட்டு, 2023 அக்டோபர் 12ஆம் தேதி விடியுமுன் சேவையை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. பதினொரு மாதம்கூட ஆகவில்லை. ஜெட் ரேட்டிங் பையில் இருந்தது, ஓட்ட விமானம் இல்லை. இரண்டு நிறுவனங்களுமே ‘பெரிய விமானம்’ என்ற அளவுகோலில் மாஸ்விங்ஸை எளிதாக வென்றிருக்கும்.

சுபாங்கின் கணக்கு வேறு. 1998இல் கே.எல்.ஐ.ஏ. திறந்தபின் வெறிச்சோடிய அந்த நிலையத்துக்கு உயிர் கொடுத்தவை விசிறி விமானங்களே. 2007 ஏப்ரலில் பினாங்கில் தொடங்கிய ஃபயர்ஃப்ளை பின்பு சுபாங்கில் வேரூன்றியது. 2013இல் மலிண்டோவின் ஏ.டி.ஆர் 72-600களும் வந்து சேர்ந்தன. பயணிகள் சேவையில் ஜெட்டுக்கு அங்கே இடமில்லை என்ற விதிதான் ஏ.டி.ஆருக்கு வேலியாக இருந்தது. 2024 ஆகஸ்டில் அந்த வேலி எடுக்கப்பட்டது. சுபாங்–பினாங்கு போன்ற கூட்டமுள்ள வழியில் இனி ஏ.டி.ஆர் எத்தனை ஆண்டு ஓடும், நிறுவனம் அவற்றைப் புதுப்பிக்கப் போகிறதா விற்கப் போகிறதா, ஏ.டி.ஆர் விமானிகளைத் தன் ஜெட் பிரிவுக்கு ஏற்றும் முறை எழுத்தில் உள்ளதா அல்லது வாய்ப்பேச்சா என்பதையெல்லாம் நேர்காணலில் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் அந்தச் சுளிப்பே ஒரு பதில்.

அடுத்தது, இடது இருக்கையில் அமர்ந்து கற்றுக்கொடுக்கப்போவது யார் என்பது. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும்.

1995 செப்டம்பர் 15ஆம் தேதி தாவாவில் மலேசியா ஏர்லைன்ஸின் ஃபோக்கர் 50 தரையைத் தொட்டபோது ஓடுபாதையில் மிச்சம் இருந்தது சுமார் 500 மீட்டர். மறுபடி எழும்பப் பார்த்தும் முடியாமல் குடிசைப் பகுதியில் விழுந்தது. விமானத்தில் இருந்த 53 பேரில் 34 பேர் இறந்தார்கள். இறங்குமுகத்திலேயே ‘கோ அரவுண்ட்’ சொல்லியிருந்தால் நாளிதழில் ஒரு வரிகூட வராத சம்பவம் அது. தைவானின் டிரான்ஸ்ஏசியா வேறொரு பாடம். 2014 ஜூலையில் மாகோங் அருகே அதன் ஏ.டி.ஆர் 72-500 விழுந்து 48 பேர் மாண்டனர். ஏழு மாதம் ஆகுமுன், 2015 பிப்ரவரி 4ஆம் தேதி, தைப்பேயில் ஒரு 72-600 புறப்பட்ட சில நொடிகளில் இரண்டாம் இன்ஜினின் விசிறி தானாக ஃபெதர் ஆனது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதல் இன்ஜினின் விசையைக் குறைத்தார். 43 உயிர்கள் போயின. முந்தைய ஆண்டு சிமுலேட்டர் தேர்வில் அவர் தோற்று, மறுதேர்வில் தேறியவர் என்பது விசாரணை அறிக்கையில் இருக்கிறது. 2016 நவம்பரில் நிறுவனமே மூடப்பட்டது.

இவற்றைப் படித்துவிட்டு ஏ.டி.ஆர் மோசமான விமானம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மோசமானது பயிற்சி, அதைவிட மோசமானது தவறிய பயிற்சியை அலுவலகம் தாளில் சரிக்கட்டிவிடும் வழக்கம். புதியவர் இதை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த நிறுவனத்தில் இரண்டு ஆண்டு பறந்த துணை விமானி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். கோ அரவுண்ட் போட்ட கேப்டனிடம் மறுநாள் என்ன கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். ‘அறிக்கை எழுதச் சொல்வார்கள், அதோடு சரி’ என்றால் நல்லது. ‘எரிபொருள் கணக்குக் கேட்பார்கள்’ என்று சொல்லிச் சிரித்தால், அந்தச் சிரிப்பை மறக்க வேண்டாம். லைன் டிரெய்னிங்கில் எத்தனை செக்டர் கொடுக்கிறார்கள், கூடுதல் செக்டர் கேட்டவரைப் பலவீனர் என்று முத்திரை குத்துகிறார்களா என்பதையும் அவரிடமே கேட்கலாம். எங்கள் அனுபவத்தில் துணை விமானிகள் இதற்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறார்கள், ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் போதும்.

நல்ல ஆசான் வாய்த்தால் வட்டாரப் பறப்புக்கு ஈடில்லை. நாளுக்கு நான்கு செக்டர் என்றால் நான்கு புறப்பாடு, நான்கு இறக்கம். நெடுந்தூர ஜெட்டில் துணை விமானிக்கு மாதத்துக்கு இரண்டு மூன்று இறக்கம் கிடைத்தால் அதிகம். ஏ.டி.ஆர் பறப்பது பதினேழு, பதினெட்டாயிரம் அடி உயரத்தில். மழைமேகத்துக்கு மேலே ஏறித் தப்பிக்க முடியாது, சுற்றித்தான் போக வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் மலாக்கா நீரிணையில் இரவு உருவாகி விடியற்காலையில் கரையேறும் ‘சுமத்ரா’ சூறைக்காற்று முதலில் நனைப்பது கேரி தீவு போன்ற கரையோரத்தை. சற்று நேரத்தில் சுபாங்கின் காலை முதல் விமானங்களைப் பிடித்து வைக்கிறது. ரேடாரில் அந்த வில்வடிவக் கோட்டைப் பார்த்து, கிளம்பலாமா இருபது நிமிடம் நிற்கலாமா என்று கேப்டன் தீர்மானிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதை எந்த சிமுலேட்டரும் தராது.

பேஸ் எங்கே என்பதைப் பலரும் சிறிய விஷயமாக நினைக்கிறார்கள். 2009 பிப்ரவரி 12ஆம் தேதி அமெரிக்காவில் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் 3407இன் துணை விமானி சியாட்டிலில் வசித்தவர், வேலை நுவார்க்கில். இரவு முழுக்க நாட்டைக் குறுக்கே பறந்து வந்து பணியில் ஏறினார். ஐம்பது பேர் இறந்த அந்த விபத்துக்குப் பிறகே அங்கே துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி வந்தது. நம் ஊரில் மீரியிலோ கோத்தா கினபாலுவிலோ பேஸ் கிடைத்தவர் விடுமுறைக்கு விடுமுறை கிள்ளானுக்குப் பறந்து, தூக்கத்தைக் கடன் வைத்துத் திரும்புவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அங்கே குடியேற மனமில்லை என்றால் அந்த வேலையை எடுக்காமலிருப்பதே நேர்மை.

ட்வின் ஆட்டருக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அதன் உச்ச எடை 5,670 கிலோ. பின்னாளில் நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனம் 5,700 கிலோவுக்கு மேற்பட்ட விமானத்தின் மணி நேரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால், அந்த முப்பது கிலோ உங்கள் இரண்டு ஆண்டை விழுங்கிவிடும். சில ஆண்டுகளில் ஏ.டி.ஆருக்கு மாற்றுவோம் என்ற உறுதி இருந்தால் அதை எழுத்தில் பெறுங்கள்.

இனி பாண்டு. டைப் ரேட்டிங் செலவுக்கு ஈடாகச் சில ஆண்டு கட்டுப்பாடு கேட்பது நியாயம். அதில் சண்டை இல்லை. சண்டை அதன் உட்பிரிவுகளில். தொகை மாதாமாதம் குறைகிறதா, அல்லது கடைசி நாள்வரை முழுத்தொகையாகவே நிற்கிறதா? நிறுவனமே ஆட்குறைப்புச் செய்தால், அல்லது மூடிவிட்டால், பாண்டு என்ன ஆகும்? கையெழுத்துப் போட்ட ஜாமீன்காரர் அப்பாவா? 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகையை உச்சவரம்பாக வைத்து நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. ஆகவே எழுதியதெல்லாம் வசூலாகும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நீதிமன்றப் படியேறிப் பெறும் நியாயத்துக்கு ஆகும் காலத்தில் ஒரு விமானியின் ரேட்டிங் காலாவதியாகிவிடும். பயணிகளோடு பறப்பதற்கே விமானியிடம் காசு வாங்கும் ‘பணம் கட்டிப் பறக்கும்’ திட்டங்களைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம்.

நிறுவனங்களிடமும் எங்களுக்கு ஒரு கோரிக்கை உண்டு. வேலைக் கடிதத்தையும் பாண்டையும் ஒரே மேசையில் வைத்து, ஒரே பிற்பகலில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை விடுங்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை அந்தத் தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய், அடமானம் வைத்த அப்பாவோடும் ஒரு வழக்கறிஞரோடும் உட்கார்ந்து படிக்க ஏழு நாள் கொடுங்கள். பறப்புப் பள்ளிகளும் மாணவர் சேர்க்கைக் கையேட்டில் விமானத்தின் படத்தைச் சிறிதாக்கி, முந்தைய மூன்று அணிகளில் எத்தனை பேர் எங்கே வேலையில் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் போடட்டும். முதலில் போடும் பள்ளியின் பட்டியலை இவ்விதழ் கட்டணமின்றி முழுப் பக்கத்தில் வெளியிடும்.