தலை இங்கே, முதுகு அங்கே

நண்பன் கையில் ஒரு தாள் இருந்தது. தலைப்பு: 'ஹோய் ஆனில் செய்ய வேண்டிய 21 காரியங்கள்.' ஒவ்வொன்றுக்கும் எதிரே சின்னதாக ஒரு கட்டம். முடித்ததும் பச்சை மையில் டிக் அடிப்பானாம். ஆடிட் ஆபீஸில் வேலை பார்க்கிறவனோடு வெளியூர் போகக் கூடாது என்று பெரியவர்கள் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"மூணு பகல், ரெண்டு ராத்திரி. தூக்கம் போக எத்தனை மணி நேரம்டா தேறும்?"

"முப்பத்தெட்டு."

பி.காமில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது வகுத்தல் ஒன்றுதான். காரியம் ஒன்றுக்கு ஒண்ணே முக்கால் மணி நேரமும் கொஞ்சம் சில்லறையும். இதில் குளிப்பது, சாப்பிடுவது எல்லாம் எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டேன். பதில் இல்லை.

ஹோய் ஆன், வியட்நாமின் நடுப்பகுதியில், தூ போன் நதி கடலைத் தொடுமிடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டா நாங் விமான நிலையத்திலிருந்து காரில் முக்கால் மணி. 2025 ஜூலையில் இந்த ஊரையும் டா நாங் மாநகரத்தோடு சேர்த்துவிட்டார்கள். நாங்கள் போனது அதற்கு முந்தைய பிப்ரவரியில்.

இறங்கியதும் ஏ.டி.எம்.மில் இருபது லட்சம் எடுத்தேன். பதறாதீர்கள். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய டோங் சுமார் 300. என்றாலும் சட்டைப் பையில் லட்சங்கள் இருக்கும்போது நடையே மாறிவிடுகிறது ஸார். இரண்டு காபி, வெயிலுக்கு ஒரு கூம்புத் தொப்பி என்று ஒன்றரை லட்சம் காலியானதும் பழைய நடை திரும்பிவிட்டது.

அந்தக் காபியைப் பற்றி ஒரு வார்த்தை. டம்ளர் மேலேயே ஒரு குட்டி ஃபில்டரை உட்கார வைத்து நம் முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். அது சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை நாம் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அடியில் கெட்டியாக டின் பால். கும்பகோணத்துக்காரர்கள் முதல் வாயில் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது வாயில் இன்னொன்று சொல்வார்கள்.

20,000 டோங் நோட்டை எடுத்துப் பாருங்கள். கூரை போட்ட ஒரு பாலம் இருக்கும். அதுதான் காரியம் நம்பர் ஒன்று: ஜப்பானியப் பாலம். நீளம் 18 மீட்டர்தான். நம் டவுன் பஸ் ஒன்றரையை நிறுத்தினால் முடிந்தது. நானூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே வியாபாரத்துக்கு வந்த ஜப்பான்காரர்கள் கட்டியது. ஒரு முனையில் குரங்கு பொம்மைகள், மறுமுனையில் நாய் பொம்மைகள். குரங்கு வருஷத்தில் ஆரம்பித்து நாய் வருஷத்தில் முடித்தார்களாம். அவர்களுடைய பன்னிரண்டு வருஷச் சுற்றில் குரங்குக்கும் நாய்க்கும் நடுவே இரண்டு வருஷ தூரம். 2022 கடைசியில் ரிப்பேருக்குக் கையில் எடுத்து 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அதுவும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம்! திறந்ததும் ஊரே, "என்ன இப்படிப் புத்தம்புதுசா இருக்கு, பழைய களையே போச்சே" என்று குறைப்பட்டது. பாலம் புதிதாக இருக்கிறது என்று புகார் சொல்கிற ஊரை நான் அங்கேதான் பார்த்தேன்.

விஷயம் அதுவல்ல. பாலத்துக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பூமிக்கு அடியில் ஒரு ராட்சசப் பிராணி படுத்திருக்கிறதாம். வால் ஜப்பானில். முதுகு ஹோய் ஆனில். தலை எங்கே தெரியுமா? இந்தியாவில்! அது புரண்டு படுத்தால் பூகம்பம், வெள்ளம். அதனால் முதுகில் கத்தியைச் செருகின மாதிரி இந்தப் பாலத்தைக் கட்டி அசையவிடாமல் செய்துவிட்டார்களாம்.

"முதுகுல அவங்க குத்திட்டாங்க. தலைவலி நமக்கு" என்று சொல்லிவிட்டு நண்பன் டிக் அடித்தான்.

முதுகு என்றதும் எனக்கு என் பை ஞாபகம் வந்தது. பையில் அப்பாவின் அளவு சட்டை.

இந்த ஊரில் தெருவுக்குத் தெரு தையல்கடை. காலையில் அளவு கொடுத்தால் மறுநாள் கோட்டு. அதற்காகவே உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். எனக்குக் கோட்டு எதற்கு? பத்தி எழுதுகிறவன் கைலியில் எழுதினாலும் பத்திரிகைக்குத் தெரியப் போவதில்லை. கோட்டு அப்பாவுக்கு.

அப்பா தபால் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். ஆயுளில் ஒரே ஒரு தரம் கோட்டு போட்டிருக்கிறார், 1984-ல் கல்யாணப் போட்டோவுக்கு. அது ஸ்டூடியோவின் கோட்டு. அந்தத் தாலூகாவில் அந்தக் காலத்து மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த ஒரே கோட்டில்தான் நிற்பார்கள். அப்பா ஒல்லி. தொளதொளவென்று இருந்ததைப் பின்னால் இழுத்து மூன்று துணி கிளிப் மாட்டி நிற்க வைத்திருக்கிறார்கள். "முன்னாடி ஜமீன்தார்; பின்னாடி கொடியில காயப்போட்ட துணி" என்பார். நாற்பது வருஷமாக இதே ஜோக். ஜோக் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். வியட்நாம் போகிறேன் என்று சொன்னபோது, "அங்க கோட்டு நல்லா தைப்பானாமே?" என்று பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

கடையில் இருந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் டேப். அளவு சட்டையை மேஜையில் விரித்துத் தடவிப் பார்த்தார்.

"ஃபாதர் ஹியர்?"

"ஃபாதர் இண்டியா."

உதட்டைப் பிதுக்கினார். சட்டையிலிருந்து கோட்டுக்கு அளவு எடுப்பது அவருக்குச் சம்மதமில்லை. கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "யூ ஸ்டாண்ட். லைக் ஃபாதர்" என்றார்.

அப்பா மாதிரி நிற்பதா? சரி என்று நின்றேன். "நோ, நோ. திஸ் யூ!" என்றார். உண்மைதான், என் மாதிரியேதான் நின்றுகொண்டிருந்தேன். கண்ணை மூடி யோசித்தேன். முப்பத்தைந்து வருஷம் கவுன்ட்டர் கம்பிக்குள்ளிருந்து குனிந்து குனிந்து, ஸ்டாம்பு கேட்டவர்களுக்கும் மணியார்டர் எழுதத் தெரியாதவர்களுக்கும் பதில் சொன்ன முதுகு. வலது தோள் ஒரு விரல்கடை தாழ்ந்திருக்கும். கழுத்து முன்னால் வரும். மெள்ள அப்படி வளைந்தேன். கடைக்கார அம்மாள் சத்தம் போடாமல் டேப்பைப் பின்கழுத்தில் வைத்தார்.

கூன் விழுந்த முதுகுக்குச் சாதாரண அளவில் தைத்தால் பின்பக்கம் மேலே ஏறிக்கொள்ளும், முன்பக்கம் தொங்கும். ஆகவே பின்துண்டை நீளமாகவும் முன்துண்டைக் குட்டையாகவும் வெட்ட வேண்டும். இதைச் சாக்பீஸால் மேஜையில் படம் போட்டு விளக்கினார். பத்து நிமிஷம் நான் அப்பாவாக நின்றேன். இடுப்பு வலித்தது. அவருக்கு எப்படி வலிக்கும் என்று அதுவரை கேட்டதில்லை.

அங்கே தைக்கக் கொடுக்கப் போகிற நண்பர்களே, ஒன்று சொல்கிறேன். கடைசி நாள் சாயங்காலம் போய் நிற்காதீர்கள். இரண்டு ட்ரையலுக்காவது நேரம் வையுங்கள். இருபத்துநாலு மணி நேரம் என்று போர்டு சொல்லும். கைக்குழியும் காலரும் சொல்லாது. 'எனக்குத் தெரிந்த கடை' என்று யாராவது கூட்டிப் போனால், அவருடைய கமிஷனும் உங்கள் கோட்டின் லைனிங்கில் இருக்கும்.

மறுநாள் காலை மீ சன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மலைகளுக்கு நடுவே சாம்பா அரசர்கள் கட்டிய சிவன் கோயில்கள். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் ஆரம்பித்து வைத்தான். சுவாமி பேர் பத்ரேஸ்வரர். செங்கல்லுக்கு நடுவே சாந்து போட்டதே தெரியாது. 1969-ல் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் பல கோபுரங்கள் போய்விட்டன. பள்ளங்கள் இன்னும் இருக்கின்றன. நம் தொல்லியல் துறைதான் போய்ச் சில தொகுதிகளைச் சீர் செய்தது. 2020-ல் அவர்கள் தோண்டும்போது ஒன்பதாம் நூற்றாண்டு லிங்கம் ஒன்று ஒரே கல்லில், முழுசாகக் கிடைத்தது. நண்பன் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அந்தக் கட்டத்துக்கு அவன் டிக் அடித்ததாக ஞாபகம் இல்லை.

அன்று பிப்ரவரி 11. நம்மூரில் தைப்பூசம். அங்கே அவர்கள் மாதக் கணக்கில் பதினாலாம் நாள். ஒவ்வொரு மாதமும் இந்த ராத்திரி பழைய ஊரில் கரண்ட் விளக்கைக் குறைத்துவிட்டுக் காகித விளக்கும் பட்டு விளக்குமாக ஏற்றுகிறார்கள். போவதென்றால் இந்தத் தேதி பார்த்துப் போங்கள். கூட்டம் தாங்காது, இருந்தாலும் போங்கள். மறுநாள் பௌர்ணமிக்கு நிறையப் பேர் சைவம் சாப்பிடுகிறார்கள். சைவத்துக்கு அங்கே 'சாய்' என்று பேர். இரண்டு நாள் வெறும் பழமும் ரொட்டியுமாகக் காலம் தள்ளிய நண்பன், "சாய்! சாய்!" என்று கூவிக்கொண்டு ஒரு கடைக்குள் பாய்ந்ததைப் பார்த்தவர்கள் பஜனை கோஷ்டி என்று நினைத்திருப்பார்கள். நான் காவ் லாவ் சாப்பிட்டேன். பட்டையான நூடுல்ஸ், மேலே பன்றிக்கறி, கீரை. பா லே என்கிற பழைய கிணற்றுத் தண்ணீரில் மாவு பிசைந்தால்தான் அந்தப் பதம் வரும் என்கிறார்கள். பாலாறு தண்ணீரில் போட்டால்தான் காபி என்று நம்மூரில் சொல்லும் மாமாக்களைப் போலத்தான்.

கடைசி நாள் காலை ட்ரையலுக்கும் டெலிவரிக்கும் நடுவில் தான் கீ வீட்டுக்குப் போனோம். இருநூறு வருஷத்துக்கு மேலான வியாபாரி வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் ஆற்றங்கரையில். படகிலிருந்து சரக்கு நேரே உள்ளே வரும். சுவரில் வருஷம் வருஷமாக வெள்ளம் வந்த உயரத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள். 1964-ன் கோடு என் தலைக்கு மேலே. மாடித் தரையில் ஒரு திறப்பு. தண்ணீர் வந்தால் கப்பி போட்டு மேஜை நாற்காலி முதற்கொண்டு மேலே ஏற்றிவிடுவார்கள். தண்ணீர் இறங்கினதும் கழுவிவிட்டு மறுபடி கீழே.

இந்த ஊர் பிழைத்த கதையும் வேடிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறு மணல் மூடிப் பெரிய கப்பல் வர முடியாமல் போயிற்று. வியாபாரம் டா நாங்குக்குப் போய்விட்டது. காசு இருந்திருந்தால் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருப்பார்கள். நஷ்டத்தில் ஊர் தப்பித்தது! மீ சன்னுக்கு வேலையாக வந்த போலந்துக்காரக் கட்டடக் கலைஞர் கஸிமியர்ஸ் க்வியட்கோவ்ஸ்கி இந்த வீடுகளையும் காப்பாற்றச் சொல்லி மன்றாடியிருக்கிறார். 1997-ல் காலமானார். 1999-ல் யுனெஸ்கோ இரண்டு இடத்தையும் பட்டியலில் சேர்த்தது. ஊருக்குள் அவருக்குச் சிலை இருக்கிறது. நண்பனின் 21-ல் அது இல்லை. நானே பேனாவை வாங்கி 22 என்று எழுதினேன்.

கோட்டு வந்தது. அப்பா தொட்டுப் பார்த்தார். "ஜோரா இருக்கு" என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எட்டு மாதம் அங்கேயே இருந்தது.

அக்டோபர் கடைசியில் டி.வி.யில் ஹோய் ஆன். தெருவெல்லாம் ஆறு. பழைய ஊருக்குள் படகு போய்க்கொண்டிருந்தது. கடைக்கார அம்மாள் கொடுத்த கார்டில் இருந்த நம்பருக்கு, நலமா என்று ஒரு செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு போட்டோ வந்தது: மாடியில் கூரை முட்டத் துணிக் கட்டுகள். நடுவே ஒரு தையல் மெஷின். அதன் மேல் ஒரு பூனை.

அதை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

நவம்பரில் பென்ஷன்காரர்கள் பாங்குக்குப் போய், உயிரோடுதான் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். அன்று காலை பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. வேஷ்டி, வெள்ளைச் சட்டை, மேலே கோட்டு. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் போனை எடுத்து, "இப்படித் திரும்புங்கப்பா, ஒரு போட்டோ" என்றேன்.

"முன்னாடி எதுக்கு? அதான் மாட்டியிருக்கே சுவத்துல. முதுகைப் பிடி" என்று திரும்பி நின்றார்.

ஒரு சுருக்கம் இல்லை. அந்தப் போட்டோவைத் தையல்கடைக்கு அனுப்பிவைத்தேன். சாயங்காலம் பதில் வந்தது:

'பேக் வெரி குட். வாட்டர் கோ. ஷாப் ஓப்பன். ஃபாதர் நோ ட்ரவுசர்?'