லீவில் ஊருக்குப் போய் முகத்தை இறுக்கலாமா?

டிசம்பர் வந்தால் கோலார் தங்கவயல்காரர்கள் எங்கே இருந்தாலும் டிக்கெட் போட்டுவிடுவோம். ராபர்ட்சன்பேட்டையில் கிறிஸ்துமஸ், இரண்டு கல்யாணம், பெங்களூரில் பல் டாக்டர் என்று மூன்று வாரத்துக்கும் பட்டியல் தயாராக இருக்கும். இந்தத் தடவை வீட்டம்மா பட்டியலில் புதிதாக ஒரு வரி: "ஃபேஸ் டைட்டனிங்". கூடவே பெங்களூர் கிளினிக் ஒன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று விலைகள். "நீங்கதான் லோன் பேப்பரெல்லாம் வரி விடாமப் படிக்கிறவராச்சே, இதுல எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

இந்த வயசில் இதெல்லாம் எதற்கு என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. மாசாமாசம் மீசைக்கு டை அடிக்கிறவன் நான். அதனால் உட்கார்ந்து படித்தேன். நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்தவன். புரிந்ததைச் சொல்கிறேன்.

ரேடியோ ஃப்ரீக்வென்சி என்பது தோலுக்குள் மின்சாரத்தை அனுப்பிச் சூடாக்குவது. அந்தச் சூட்டில் கொலாஜன் சுருங்கும். பிறகு புது கொலாஜன் மெதுவாக உருவாகும். முழுப் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாசம் ஆகும். லேசர் மாதிரி இது தோலின் கறுப்பு நிறமியைக் குறிவைப்பதில்லை. அதனால் நம் மாநிறத்துக்கும் ஒத்துவரும் என்கிறார்கள். அது சரிதான். ஆனால் சூடு அளவு மீறினால் எந்த நிறமானாலும் புண்தான். நம் தோலில் கறுப்புத் தழும்பு சீக்கிரம் போகாது.

இதில் மூன்று வகை உண்டு. ஒன்று, மோனோபோலார். தெர்மேஜ் இந்த வகை. கண்ணைச் சுற்றிய சுருக்கங்களுக்கு 2002-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. இதை அனுமதித்தது. சூடு ஆழமாகப் போகும், பெரும்பாலும் ஒரே தடவை, விலை அதிகம். இரண்டாவது, பைபோலார். மேலோட்டமான சூடு, பலனும் லேசானது, பல தடவை போகவேண்டும். மூன்றாவது, ஊசிமுனை வழியாகச் சூட்டை உள்ளே இறக்கும் மைக்ரோநீடிலிங். மார்ஃபியஸ்8 இந்த வகை. வழக்கமாக மூன்று தடவை, நடுவில் நாலு முதல் ஆறு வாரம் இடைவெளி. எதுவானாலும் லேசான தளர்ச்சிக்குத்தான். நன்றாகத் தொங்கிவிட்ட தோலுக்கு ஆபரேஷன்தான் வழி.

இப்போது லீவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நமக்கு இருப்பதே மூன்று வாரம். மூன்று தடவை செய்ய வேண்டியதை அதற்குள் எப்படி முடிப்பது?

என் அத்தை மகள் குவைத்தில் இருக்கிறாள். முந்தின வருஷம் இதே மாதிரி லீவில் வந்து, பெங்களூரில் ஊசி வகையைச் செய்துகொண்டாள். ஆறு தடவைக்கான பணத்தையும் முன்கூட்டியே கார்டில் தேய்த்தாகிவிட்டது. இரண்டாம் நாள் கன்னத்தில் கட்டம் போட்ட மாதிரி புண். ஐந்தாம் நாள் ஃப்ளைட். போன் செய்தால், "ரிவ்யூவுக்கு நேர்ல வாங்க மேடம்" என்று பதில். குவைத்திலிருந்தா? தழும்பு மங்க எட்டு மாசம் ஆனது. பணம் திரும்பவில்லை. அந்த எட்டு மாசமும் அவள் வீடியோ காலில் முகம் காட்டவே இல்லை. அத்தை வேறு என்னமோ ஏதோ என்று பயந்துபோயிருந்தார்.

இது அவளுக்கு மட்டும் நடந்தது இல்லை. இந்த ஊசி வகையில் தீப்புண், தழும்பு, கொழுப்புக் கரைந்து முகம் ஒடுங்குவது, நரம்புப் பாதிப்பு என்றெல்லாம் புகார்கள் வந்ததாக 2025 அக்டோபரில் எஃப்.டி.ஏ.வே எச்சரித்தது. இது சாதாரண அழகுச் சிகிச்சை இல்லை, மருத்துவச் சிகிச்சை என்றும், வீட்டில் செய்துகொள்ளக் கூடாது என்றும் சொன்னது.

என் கட்சி இதுதான்: எந்த மெஷின் என்பது இரண்டாவது கேள்வி. செய்கிறவரிடம் அடுத்த ஆறு மாசம் நேரில் போய் நிற்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. முடியாது என்றால் லீவில் செய்யாதீர்கள்.

உள்ளூரில் செய்வதானாலும் சிலதைக் கேட்டுவிடுங்கள். மெஷினைப் பிடிக்கப் போவது தோல் மருத்துவம் படித்த டாக்டரா, நாலு நாள் பயிற்சி பெற்றவரா? மெஷின் பெயர், மாடல் என்ன? புண் வந்தால் யார் பார்ப்பார், செலவு யாருடையது? பேஸ்மேக்கர், கர்ப்பம், சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முழு பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டாதீர்கள். ஈ.எம்.ஐ. வேண்டவே வேண்டாம். தழும்பு வந்தாலும் தவணை நிற்காது; தினமும் பார்க்கிறேன்.

சுரங்கம் 2001-ல் மூடிய பிறகு எங்கள் ஊர் ஜனம் விடிகாலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் போய் உழைத்துவிட்டு ராத்திரி திரும்புகிறது. அங்கே இருக்கிறவர்களுக்கு நூறு கிலோமீட்டர் பெரிய தூரமில்லை, மறுநாளே டாக்டரிடம் போய் நிற்கலாம். நம்மால் முடியாது. பணம் நம்மிடம் கொஞ்சம் அதிகம் இருக்கலாம், நாள் இல்லை.

வீட்டம்மாவிடம் சொன்னேன். இங்கேயே ஒரு தோல் டாக்டரைப் பார்ப்பது, செலவு அதிகமானாலும் இங்கேயே செய்வது என்று முடிவானது. மிச்சமாகும் லீவு நாட்களில் அவர் அம்மாவோடு கூடுதலாக நாலு நாள் இருக்கப் போகிறாராம். அந்த முகத்தைப் பார்க்கத்தானே அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்!