‘ஈ சேர்’ என்று கூப்பிடுகிற எல்லோருக்கும்



ஹட்டன் டவுனில் எனக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது என்று போன கிழமைதான் தெரிந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் ஒருவர், "அந்தா ஈ சேர்" என்றார். பதினெட்டு வருஷமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கடைசியில் கிடைத்த பெயர் இது.

பெயரைப் பற்றி எனக்குக் கோபமில்லை. ஆனால் அதே கடையில் என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா கேட்ட கேள்விக்கு அங்கேயே என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "சேர், புள்ளைக்கு ஓஎல் வருது. நீங்க கோழி எறகையும் நூலையும் குடுத்து ஈ கட்டச் சொல்றீங்களாம். வெள்ளக்கார தொர வெளாட்டு நம்ம லயத்துக்கு எதுக்கு சேர்?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில், விஷயம் தெரியாதவர்களுக்கு. ஈ என்றால் இலையான் இல்லை. தூண்டில் முள்ளில் நூலையும் இறகையும் ரோமத்தையும் சுற்றி, தண்ணீர்ப் பூச்சி மாதிரி ஒன்றைக் கட்டுவது. மண்புழு வேண்டாம், கோதுமை மா உருண்டை வேண்டாம். மீன் பூச்சி என்று நினைத்து வந்து கவ்வும். புதிய கண்டுபிடிப்பும் இல்லை. சுமார் 1,800 வருஷத்துக்கு முன்பே மசிடோனியாவில் ஆற்று மீனவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, இரண்டு சேவல் இறகு வைத்துக் கட்டினார்கள் என்று ஏலியன் என்ற ரோம எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். அந்த மீனவர்கள் துரைமார் இல்லை, வயிற்றுக்குப் பிடித்தவர்கள்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் சின்ன வைஸ் ஒன்று பூட்டியிருக்கிறது. மனைவிக்கு அது பிடிக்காது, அது வேறு கதை. முள்ளை அதில் இறுக்கிவிட்டு, தையல் நூலை முள்ளின் கழுத்திலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதுதான் அத்திவாரம். நூல் வழுக்கினால் மேலே கட்டுவது எல்லாமே சுழன்றுவிடும். வால் பக்கம் நாலைந்து இறகு இழை. உடம்புக்குப் பழைய ஸ்வெட்டரிலிருந்து உருவிய கம்பளி நூல். அதற்கு மேலே, பழுதான ரேடியோவிலிருந்து எடுத்த மெல்லிய செம்புக் கம்பியை இடைவெளி விட்டுச் சுற்றினால் பூச்சியின் வயிற்றில் இருக்கிற வளையம் மாதிரியே தெரியும், பாரமும் சேரும். கடைசியில் கழுத்தில் ஒரு இறகைச் சுற்றி, நூலை அதன் மேலேயே மடித்து முடிச்சுப் போட்டு, ஒரு சொட்டு நெயில் பொலிஷ்.

இறகில்தான் விஷயம் இருக்கிறது. சேவலின் கழுத்து இறகு விறைப்பானது, அதைச் சுற்றினால் இழைகள் தண்ணீரின் மேல் கால் ஊன்றி நிற்கும், ஈ மிதக்கும். பெட்டைக்கோழி இறகு மெத்தென்றிருக்கும், நனைந்து அமுங்கி, நீரோட்டத்தில் உயிருள்ளது போல அசையும். இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு. இதை வகுப்பில் விகிதம் என்று சொன்னபோது கொட்டாவி விட்ட அதே பையன், இங்கே அடிமட்டத்தை வைத்து மூன்று தடவை அளந்து பார்த்தான்.

இறகு கோழிக் கடையில் சும்மா கிடைக்கிறது. கடைக்காரர் முதல் நாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இப்போது நல்ல சிவப்புச் சேவல் வந்தால் கழுத்துத் தோலைத் தனியாக எடுத்து உப்புத் தடவி வைத்திருக்கிறார். ஆட்டு ரோமமும் நல்ல சாமான். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் கொடுத்த ஆட்டின் ரோமத்தில் கொஞ்சம் எடுத்து வைத்தேன். குர்பானித் தோலை விற்கக் கூடாது என்பது நமக்குத் தெரியும். அதனால் அந்த ரோமத்தில் கட்டியதை யாருக்கும் விற்கவில்லை, கல்பிட்டியில் இருக்கும் மச்சானுக்குக் கொடுத்தேன். வெள்ளை ரோமத்தில் நீளமாக, ஈயக் கண் வைத்து, சின்ன மீன்குஞ்சு மாதிரிக் கட்டியது. பார்த்துச் சிரித்தார். கடல்காரர், என்னை மலைக்காட்டு ஆள் என்பார். அதில் ஒரு பாரை அடித்த பிறகு இன்னும் பத்து கேட்டு வொய்ஸ் அனுப்பினார்.

இறகு விஷயத்தில் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கட்டளை போட்டிருக்கிறேன். சாப்பாட்டுக்கு அறுத்த கோழியின் இறகைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. ஒருவன் காட்டுக்கோழி இறகு கொண்டு வந்தான், கீழே கிடந்ததாம். வாங்கவில்லை. காட்டுக்கோழி நம் தேசியப் பறவை. இன்று கீழே கிடந்ததை நான் வாங்கினால் நாளைக்குக் கண்ணி வைத்துப் பிடித்ததும் "கீழே கிடந்தது" என்றுதான் வரும். இந்த இறகு ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்துக் கதை ஒன்று இருக்கிறது. 2009 ஜூனில் ட்ரிங் என்ற ஊர் அருங்காட்சியகத்துக்குள் இரவில் புகுந்த ஒரு சங்கீத மாணவன், 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போனான். பழைய காலத்துச் சால்மன் ஈ கட்டுகிறவர்களுக்கு விற்பதற்காக. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் வாலஸ் என்ற விஞ்ஞானி மலாய்த் தீவுகளில் சேகரித்த பறவைகளும் அதில் போயின. அழகுக்காகக் கட்டுகிற ஈக்கு இவ்வளவு வெறி. மீனுக்கோ கோழி இறகே போதும்.

இனி துரை விஷயத்துக்கு வருவோம். அந்த அப்பா சொன்னதில் உண்மை இருக்கிறது. 1880களில் வெள்ளைக்காரர்கள் ட்ரவுட் மீன் முட்டைகளைக் கப்பலில் ஐஸில் வைத்துக் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். பிறகு ரெயின்போ ட்ரவுட் வந்தது. 1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் தொடங்கினார்கள். குளிர்ந்த தண்ணீர், ஈயில் மட்டும் பிடிக்கிற ஒழுங்கு, மாலையில் ஹில் கிளப்பில் உட்கார்ந்து அளந்த அளவைப் பற்றிப் பேச்சு. அந்தத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே காலை முதல் மாலை வரை கொழுந்து எடுத்த நம்மவர்கள் அந்தக் கதையில் எங்கேயும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த ஆளாக வேண்டுமானால் இருந்திருப்பார்கள்.

ஆனால் ஈ கட்டுவது துரைக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து இல்லை. ஜப்பானில் மலை ஓடைக்காரர்கள் தென்காரா என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நீண்ட மூங்கில் கம்பு, நுனியில் கட்டிய நூல், ஒரு ஈ. சுருட்டுகிற ரீல் கிடையாது. விலையான லைன் கிடையாது. பிடித்த மீனை விற்றுத்தான் பிழைத்தார்கள். நாங்கள் செய்வது அதைத்தான். தோட்டத்து மூங்கில், கடையில் வாங்கிய தங்கூசி, வீட்டில் கட்டிய ஈ. மொத்தச் செலவு ஒரு கிழமை டேட்டா கார்டை விடக் குறைவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டிலேயே ஈ கட்டி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. கட்டுவது பெரும்பாலும் பெண்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு பணக்காரர் தொப்பியில் குத்திக்கொண்டு போகிற ஈ, இங்கே ஒரு தங்கச்சியின் விரலில் உருவானதாக இருக்கலாம். நல்ல தேயிலை கப்பலில் போய், தூள் நமக்கு மிஞ்சுகிற மாதிரிதான். ஆனால் இதைக் காட்டி "படியுங்கள், வேலை கிடைக்கும்" என்று எந்தப் பிள்ளைக்கும் நான் ஆசை காட்டவில்லை. நாட் சம்பளத்துக்கு வருஷக்கணக்காக அலைந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் பொய் நம்பிக்கை விற்கக் கூடாது.

அப்படியென்றால் எதற்கு?

ஈ கட்ட வேண்டுமென்றால் முதலில் பூச்சியைப் பார்க்க வேண்டும். ஓடையில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும். நல்ல ஓடையில் கல்லின் அடியில் தட்டையாக ஒட்டிக்கொண்டு, வாலில் மூன்று மயிரோடு ஒரு பூச்சிக்குஞ்சு இருக்கும். மேஃப்ளை என்பார்கள். தண்ணீருக்குள் மாதக்கணக்கில் வளர்ந்து, சிறகு முளைத்து வெளியே வந்தால் ஓரிரு நாள்தான் ஆயுள். பக்கத்திலேயே மணலையும் குச்சியையும் ஒட்டி வீடு கட்டிக்கொண்டு ஒரு புழு இருக்கும். அதைப் பார்த்த பிள்ளைகள் அரை மணி நேரம் இடத்தை விட்டு நகரவில்லை.

இரண்டு இடத்தில் பார்த்தோம். காட்டு ஓரமாக, தோட்டத்துக்கு மேலே ஓடுகிற தண்ணீரில் ஒரு கல்லுக்கு ஏழு, எட்டு என்று இருந்தது. அதே ஓடை மரக்கறித் தோட்டங்களையும் லயங்களையும் தாண்டி டவுன் பக்கம் வருகிற இடத்தில் இருபது கல் புரட்டினோம். ஒரு மேஃப்ளை கூட இல்லை. சிவப்புப் புழுதான் இருந்தது. உடம்பில் நம்மைப் போல ஹீமோகுளோபின் உள்ளதால் ஒட்சிசன் குறைந்த அழுக்குத் தண்ணீரிலும் அது பிழைக்கும். மேஃப்ளை பிழைக்காது. பூச்சிமருந்து பட்டால் முதலில் சாகிறது அதுதான்.

அந்த இருபதாவது கல்லை வைத்துவிட்டு ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், இந்தத் தண்ணிலதானே எங்கம்மா துணி கழுவுறாங்க, தம்பி குளிக்கிறான்?" நான் பதில் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும்.

இதை ஸ்லைட் போட்டு நாற்பது நிமிஷம் படிப்பித்திருக்கிறேன். "உயிரியல் குறிகாட்டிகள்" என்று எழுதி, பரீட்சைக்கு வரும் என்று கோடும் போடச் சொன்னேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஈ கட்டப் போனபோதுதான் கேள்வி வந்தது.

கீழ் ஓடையில் இன்னும் மோசமான ஒன்றும் நடக்கிறது. பெயர் சொல்லவில்லை, செய்கிறவர்கள் இதை வாசிப்பார்கள். பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு கரைத்துவிட்டு, மயங்கி மிதக்கிற மீனைக் கூடையில் அள்ளுகிறார்கள். பத்து நிமிஷ வேலை, நாலு கிலோ மீன். குஞ்சு, முட்டை, பூச்சி எல்லாம் சேர்ந்து போகிறது. அதை வாங்கிச் சாப்பிடுவதும் நாம்தான். ஒரு ஈயில் ஒரு மீன் பிடிக்க ஒரு மணி நேரம் காத்திருந்த பையன், நாளைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குப் போக மாட்டான் என்று நான் நம்புகிறேன். தப்பாகவும் இருக்கலாம்.

நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர் கேட்டதையும் சொல்லிவிடுகிறேன். பிடித்து, போட்டோ எடுத்து, திரும்ப விடுகிறார்களே, அது சரியா என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. உயிரை விளையாட்டுக்காக வதைப்பது நம் மார்க்கத்துக்கு ஒத்துவராது என்றுதான் நான் விளங்கிக்கொண்டிருக்கிறேன். நாங்கள் பிடிப்பது சாப்பிட. நீர்த்தேக்கத்தில் திலாப்பியா, போதுமான அளவு கிடைத்தவுடன் நிறுத்திவிடுவோம். கையை விடச் சின்னதென்றால் விட்டுவிடுவோம். அதற்காகவே முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்திருக்கிறோம். இதற்கு இன்னொரு காரணம் என் இடது பெருவிரல். நசுக்காத முள் ஒன்று உள்ளே போய், ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் எடுத்தார்கள்.

சிலர் ட்ரவுட்டைத் திரும்பவும் நிறையக் கொண்டுவந்து எல்லா ஓடையிலும் விட்டால் சுற்றுலா வளரும் என்கிறார்கள். எனக்கு அதிலும் சம்மதமில்லை. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன இறால் இருக்கிறது. அந்தக் குளிர்ந்த தண்ணீரில் ட்ரவுட்டுக்கு அது சாப்பாடு. ஒரு நூற்றாண்டுக்கு முன் விட்டதை இனி அள்ளி எடுக்க முடியாது, புதிதாக விடாமலாவது இருக்கலாம். அந்த இடம் 1988 முதல் தேசியப் பூங்கா, தூண்டிலோடு அங்கே போக எந்தப் பிள்ளையும் நினைக்க வேண்டாம்.

ஓஎல் பற்றி அந்த அப்பாவிடம் ஒன்று. அண்ணே, உங்கள் மகனின் விஞ்ஞானப் புள்ளி போன தவணை 34, இந்தத் தவணை 51. ஈயால் என்று நான் சொல்ல மாட்டேன், டியூஷனும் போகிறான். ஆனால் ஈயால் குறையவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மேல் ஓடையில் திரும்பவும் கல் எண்ணப் போகிறோம். பிறகு கீழ் ஓடையிலும். பெற்றோர் ஒருவராவது கூட வராத பிள்ளையைத் தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போக மாட்டேன், காசல்ரீயில் நாம் இழந்த பிள்ளைகள் போதும். எண்ணிக்கையை ஒரு கொப்பியில் எழுதி, பிரதேச சபைக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்க இருக்கிறோம். அதில் பிள்ளைகளோடு பெற்றோரும் கையெழுத்துப் போட்டால் நல்லது. வருகிறவர்கள் பழைய ஸ்வெட்டர் இருந்தால் கொண்டுவாருங்கள், சாம்பல் நிறமும் மண்ணிறமும் முடிந்துவிட்டது.