விலைக்கு வரும் பனிமலைகள்: வாங்குவது யார், தங்கி நிற்பது யார்?

அல்ப்ஸ் மலைப் பகுதியிலிருந்து கடந்த சில ஆண்டுகளாக ஒரே விதமான செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. ஓரிடத்தில் பனிச்சறுக்குத் தளம் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறுகிறது. இன்னோரிடத்தில் வெளியார் கைக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் ஊர்ச்சபைகளே அதை வாங்கிக்கொள்கின்றன. வேறோரிடத்தில் சறுக்கல் நிறுத்தப்பட்டு லிப்டுகள் கழற்றப்படுகின்றன.

கார்ஹிங்கில் வாழும் எமக்கு, வானம் தெளிந்த நாட்களில் தெற்கே அந்த மலைகள் தெரியும். ஆனாலும் 'அது வசதியானவர்களின் விளையாட்டு, எமக்கென்ன' என்றுதான் எம்மில் பலர் இருந்துவிடுகிறோம். அப்படி இருந்துவிட முடியாது. சுவிற்சர்லாந்தின் மலை ஊர்களில் விடுதிகளின் குசினிகளிலும் அறைகளைத் துப்புரவாக்கும் வேலைகளிலும் எமது உறவுகள் நீண்ட காலமாக இருக்கிறார்கள். அந்த வேலையில்தான் அவர்களின் வாடகையும், பிள்ளைகளின் படிப்பும், விசாவும் தங்கியிருக்கின்றன. மலை கைமாறும்போது அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் பனியைப் பார்ப்போம். எங்கள் ஊரிலுள்ள லைப்னிட்ஸ் கணினி மையம் பவேரிய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தது. அங்குள்ள சூப்பர்மக் என்ற மீக்கணினியில், பவேரியாவுக்கும் கனடாவின் கியூபெக்குக்குமாக 1950 முதல் 2099 வரையான காலநிலையை ஆய்வாளர்கள் 50 தடவை கணித்துப் பார்த்தார்கள். வெள்ளமும் வறட்சியும் எப்படி மாறும் என்று அறிவதே அந்த ஆய்வின் நோக்கம். அதே அறிவியல் கழகம் 2022 செப்டெம்பரில் இன்னொரு செய்தியை அறிவித்தது. சுக்ஸ்பிட்ச மலையின் தெற்கு ஷ்னேபெர்னர் இனிப் பனியாறு என்ற கணக்கில் வராது என்பதே அது. ஜேர்மனியில் மிஞ்சியவை நான்கு பனியாறுகள் மட்டுமே.

2023 இல் 'நேச்சர் கிளைமேட் சேஞ்ச்' ஆய்விதழில் வெளியான ஆய்வு 28 ஐரோப்பிய நாடுகளின் 2234 பனிச்சறுக்குத் தளங்களை ஆராய்ந்தது. புவி வெப்பநிலை 2 பாகை உயர்ந்தால், செயற்கைப் பனி இல்லாத நிலையில் 53 வீதமான தளங்கள் மிகக் கடுமையான பனித் தட்டுப்பாட்டு ஆபத்தில் விழும். 4 பாகை உயர்ந்தால் அது 98 வீதம். சறுக்கும் பரப்பில் பாதிக்குச் செயற்கைப் பனி தூவினால் இந்த எண்ணிக்கைகள் 27 ஆகவும் 71 ஆகவும் குறைகின்றன. அதாவது இயந்திரம் உதவுகிறது, ஆனால் எல்லோரையும் காப்பாற்றாது. அதற்குத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும். காற்றில் போதிய குளிரும் இருக்க வேண்டும். குளிரே இல்லாத டிசெம்பரில் எந்த இயந்திரத்தாலும் பயனில்லை.

ஆகவே இன்று விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மலையின் விலையிலும் இந்தக் கணக்கு அடங்கியிருக்கிறது. உயரத்தில் இருக்கும் தளத்துக்கு வாங்குபவர் வரிசையில் நிற்கிறார். தாழ்வான தளத்தை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் வேல் றிசோர்ட்ஸ் நிறுவனம் 2022 இல் சுவிஸின் அன்டர்மாட்-செட்ரூன் தளத்தின் 55 வீதப் பங்குகளைப் பெற்றது. அதற்காக அது ஒதுக்கிய 149 மில்லியன் பிராங்கில் 110 மில்லியன் அந்தத் தளத்திலேயே முதலிடுவதற்கானது. 2024 மே மாதத்தில் வாலிஸ் மாநிலத்தின் கிறான்ஸ்-மொன்டானாவும் அதன் கைக்கு வந்தது. மொத்தப் பெறுமதி 118.5 மில்லியன் பிராங் என்று கணக்கிடப்பட்டு, 84 வீதப் பங்குகள் வாங்கப்பட்டன. அந்த நிறுவனத்தின் வியாபாரம் ஒரு ஊரின் நாளாந்தச் சீட்டு விற்பனையில் மட்டும் தங்கியிருப்பதில்லை. பல நாடுகளின் மலைகளுக்கும் செல்லுபடியாகும் பருவச் சீட்டை முன்கூட்டியே விற்பதுதான் அதன் பலம். பனி பெய்யுமா இல்லையா என்று தெரிய முன்னரே பணம் வந்துவிடுகிறது. ஓரிடத்தில் பனி பொய்த்தாலும் இன்னோரிடம் ஈடுகட்டுகிறது. அது நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. ஆனால் ஊரோ ஒரே மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. அதற்கு இன்னோரிடம் கிடையாது.

கிறவுபுண்டன் மாநிலத்தின் பிளிம்ஸ், லாக்ஸ், பலேரா ஆகிய மூன்று ஊர்களும் வேறு வழியைத் தேர்ந்தன. மலையிலுள்ள லிப்டுகளையும் கட்டமைப்பையும் ஊர்ச்சபைகளே வாங்குவதற்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தார்கள். மலை வெளியாருக்குப் போகாது என்பது உண்மை. ஆனால் பனி குறைந்தால் வரும் நட்டமும் இனி வரி செலுத்துபவரின் தலையில்தான். உரிமையோடு ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. அங்கே வரி செலுத்தும் எம்மவர்கள் பலருக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை இல்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

எமது பவேரியாவுக்கு வருவோம். பெர்ஃடெஸ்காடன் பகுதியின் ஜென்னர் மலையில் 50 மில்லியன் யூரோவுக்கும் மேல் செலவிட்டுப் புதிய கேபிள் கார் அமைத்தார்கள். 2019 இல் அது முழுமையாகத் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளேயே, மலைநடைப் பயணிகளுக்காகக் கேபிள் காரை ஓட்டுவது, சறுக்கலைக் கைவிடுவது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அல்கொய் பகுதியின் இம்மென்ஸ்டாட் ஊர் அதற்கும் முந்தியது. 1990 களிலேயே அது குஷ்வென்டர் ஹோர்ன் மலையின் லிப்டுகளை அகற்றி, சரிவை மீண்டும் இயற்கையிடம் ஒப்படைத்தது.

ஒதுக்குப்புறமான பால்டர்ஷ்வாங் ஊரின் கதை இன்னும் கவனிக்கத்தக்கது. பக்கத்து ஊரான ஓபர்மைசெல்ஸ்டைனோடு சேர்ந்து ரீட்பேர்கர் ஹோர்ன் மலையில் இரண்டு தளங்களை இணைக்கும் லிப்ட் வேண்டும் என்று 2016 இல் இரு ஊர்களின் மக்களும் வாக்களித்தார்கள். அதற்காக, மலைகளைக் காக்கவென 1972 இல் கொண்டுவரப்பட்ட அல்ப்ஸ் திட்டத்தையே மாநில அரசு திருத்தியது. எதிர்ப்பு வலுத்தது. 2018 இல் முதலமைச்சர் சோடர் லிப்ட் திட்டத்தைக் கைவிட்டு, அந்த ஊர்களின் இயற்கைச் சுற்றுலாவுக்கென சுமார் 20 மில்லியன் யூரோ தருவதாக அறிவித்தார். மூட நேர்ந்த பிறகு அழுவதை விட, முன்கூட்டியே பேரம் பேசியதால் அந்த ஊர்களுக்கு ஏதோ கிடைத்தது.

இந்தக் கதைகள் எல்லாவற்றிலும் முதலீட்டாளர் பேசுகிறார், ஊர்ச்சபை பேசுகிறது, இயற்கை ஆர்வலர் பேசுகிறார். குசினியில் நிற்பவரின் குரல் மட்டும் வெளியே கேட்பதில்லை. எமக்கு இது புதிதல்ல. 1992 இல் இலங்கையின் பெருந்தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும், லயன் அறைகளில் தலைமுறைகளாக வாழ்ந்த மலையகத் தமிழரின் வீட்டுக்கும் காணிக்கும் அந்தக் கைமாற்றம் தீர்வு தரவில்லை. சுவிஸ் விடுதியில் சம்பளமும் சட்டப் பாதுகாப்பும் வேறு, அதை மறுக்க முடியாது. ஆனால் மலை கைமாறும்போது அங்கே உழைப்பவர் கணக்கில் வராமல் போவது இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

பனிக்காலம் சுருங்குவது அவர்களை எப்படித் தாக்குகிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். சுவிஸில் வேலையிழப்புக் காப்புறுதிப் பணம் பெற, கடந்த இரண்டு ஆண்டுகளில் 12 மாதங்கள் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். குளிர்காலத்தில் மட்டும் ஐந்து மாதம் வேலை செய்பவருக்கு இரண்டு குளிர்காலம் சேர்த்தாலும் 10 மாதம்தான். கோடையில் இரண்டு மூன்று மாதம் வேலை கிடைத்தால்தான் கணக்கு நிறைவேறும். குளிர்காலம் நான்கு மாதமாகச் சுருங்கினால் கோடை வேலை இன்னும் அவசியமாகிறது. ஜேர்மனியில் 30 மாதங்களுக்குள் 12 மாதம் என்பதால் சற்று இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

காப்புறுதி கிடைக்காதவர் சமூக உதவிப் பணத்துக்குப் போக வேண்டி வரும். அங்கேதான் ஆபத்து. சுவிஸ் மத்திய சட்டப்படி, விண்ணப்பிப்பதற்கு முந்திய 3 ஆண்டுகளில் சமூக உதவி பெற்றவர், அதை முழுமையாகத் திருப்பிச் செலுத்தாவிட்டால் குடியுரிமை பெறுவது கடினம். பேர்ண், ஆர்காவ் போன்ற மாநிலங்களில் இந்தக் காலம் 10 ஆண்டுகள். வேலையிழப்புக் காப்புறுதி இதில் சேராது. அது உழைத்துச் செலுத்திய உரிமை. இந்த வேறுபாட்டை எம்மவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே, ஒரு மலை விற்பனைக்கு வருகிறது என்ற செய்தி வந்தால் வாங்குபவர் அமெரிக்கரா உள்ளூரவரா என்பதை மட்டும் பார்த்தால் போதாது. கோடையிலும் கேபிள் கார் ஓடுமா? விடுதிகள் ஆண்டில் எத்தனை மாதம் திறந்திருக்கும்? ஒப்பந்தம் பருவகாலத்துக்கா, ஆண்டு முழுவதற்குமா? கடைசியில் எல்லாம் மூடப்பட்டால் கம்பங்களைக் கழற்றும் செலவு யாருடையது? சுவிஸ் சட்டப்படி அது உரிமையாளரின் பொறுப்பு. ஆனால் உரிமையாளரே வங்குரோத்தானால் ஊர்தான் சுமக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் உணவகம் ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கவோ வீடு வாங்கவோ எண்ணும் குடும்பங்கள், கையெழுத்திட முன்னர் இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தேடட்டும். தளத்தின் உயரத்தையும், லிப்டுகளின் இயக்க அனுமதி எந்த ஆண்டுவரை என்பதையும் சேர்த்துக் கேட்கட்டும்.

பருவகால ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் இப்போதே சம்பளப் பட்டியல்களைச் சேர்த்து வைத்து, பங்களிப்பு மாதங்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. தொழிற்சங்கத்தில் சேர்ந்திருப்பதும் அப்படியே. மலையின் விலையை எவரோ தீர்மானிக்கட்டும். அந்த மலையில் நாம் செலவிட்ட ஆண்டுகளின் கணக்கு எமது கையில் இருக்க வேண்டும்.