"பொம்பளைக்கு ஏத்த வேலை" என்ற பொய்

"உனக்கு என்னம்மா, காலைல போயி சாயங்காலம் வர்ற வேலை. உன் பிள்ளையையும் கூடவே கூட்டிட்டுப் போயிடலாம். பொம்பளைக்கு இதைவிட ஏத்த வேலை வேற எது?"

2025-இல் அங்கன்வாடி வேலைக்கு ஆள் எடுத்தபோது, விண்ணப்பம் நிரப்ப எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு தங்கையிடம் அவளுடைய மாமியார் சொன்னது இது. தங்கை பி.ஏ. முடித்தவள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. மாமியார் அன்பாகத்தான் சொன்னார், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இதே வரியைக் கூட்டங்களில் அதிகாரிகள் வாயிலிருந்தும் கேட்டிருக்கிறேன். நான் எம்.ஏ. படித்தபோது வகுப்பில் இதற்கு "வேலை–குடும்பச் சமநிலை" என்று பெயர் வைத்துக் கொடுத்தார்கள். என்ன பெயர் வைத்தாலும் அது செய்கிற வேலை ஒன்றுதான். ஓர் ஆசிரியர் வேலையைத் தாய்மையின் நீட்சி என்று சொல்லிச் சொல்லி, அதற்கு ஆசிரியர் சம்பளம் தராமல் தப்பிப்பது.

கணக்கைப் பாருங்கள். அந்த அறிவிப்பில் 7,783 இடங்கள். பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, உதவியாளருக்குப் பத்தாம் வகுப்பு. முதல் ஓராண்டுக்குத் தொகுப்பூதியம் பணியாளருக்கு மாதம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் பணியாளருக்கு நாளொன்றுக்கு 296 ரூபாய், உதவியாளருக்கு 158. அதே 2025-26-க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட கூலி 336. மண் வெட்டுகிற வேலை தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை, அதுவும் நம் அம்மாக்கள் செய்கிற வேலைதான். மூன்று வயதுக் குழந்தைக்குச் சொல்லும் நிறமும் எண்ணும் கற்றுத்தருகிற வேலைக்கு இந்த அரசு வைத்திருக்கும் விலை என்ன என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன். ஓராண்டு போனால் சிறப்புக் காலமுறை ஊதியம் வரும், மதிப்பூதியத்தோடு நின்றுவிட்ட மாநிலங்களைவிட இது மேல்தான். ஆனால் "சிறப்பு" என்ற சொல் ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யோசித்தீர்களா? வழக்கமான காலமுறை ஊதியம் இல்லை என்பதைத்தான் அது மரியாதையாகச் சொல்கிறது. ஒன்றிய அரசு பணியாளருக்கு நிர்ணயித்த 4,500 ரூபாயும் உதவியாளருக்கு நிர்ணயித்த 2,250 ரூபாயும் 2018 அக்டோபரில் உயர்த்தி வைத்த தொகைகள்.

இந்தக் குறைந்த சம்பளத்தின் வேர் சட்டத்தில் இருக்கிறது. சமூகவியலும் சட்டமும் படிக்கிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் பழைய 45-ஆவது பிரிவு பதினான்கு வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. அதில் கீழ் வயது வரம்பு இல்லை. 2002-இல் 86-ஆவது திருத்தம் வந்தது. கல்வி அடிப்படை உரிமையாயிற்று என்று கொண்டாடினோம். ஆறு முதல் பதினான்கு வயதுக்குத்தான் அந்த உரிமை. ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களை 45-ஆவது பிரிவிலேயே விட்டுவிட்டார்கள், அதாவது அரசு "முயலும்". 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் மூன்று முதல் ஆறு வயதுக்கு அரசு ஏற்பாடு செய்"யலாம்" என்றே நிற்கிறது.

குழந்தைக்கு உரிமை இல்லாத இடத்தில் ஆசிரியருக்குப் பதவி எங்கிருந்து வரும்? 2006-இல் அமீர்பீ வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று சொல்லிவிட்டது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2. ஐம்பது ஆண்டுகள் ஆன பிறகும் அது "திட்டம்", அதில் வேலை செய்பவர் "தொண்டர்".

2022 ஏப்ரலில் மட்டும் ஒரு கதவு கொஞ்சம் திறந்தது. குஜராத்திலிருந்து வந்த மணிபென் வழக்கில் பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்று எழுதினாலும் அது ஊதியம்தான் என்றது. அங்கன்வாடியில் நடக்கும் முன்பருவக் கல்வி கல்விப் பணியே, கற்பிக்கும் வேலையைப் பணியாளர்களும் உதவியாளர்களும் செய்கிறார்கள் என்றது.

உதவியாளர்களும். இந்தச் சொல்லில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். என் அம்மா 19 ஆண்டுகள் உதவியாளர். ஊர் வழக்கில் ஆயா. தண்ணீர் எடுப்பது, கூட்டுவது, அடுப்புப் பற்றவைப்பது, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுவது அவர் வேலை. டீச்சர் கூட்டத்துக்கும் கணக்கெடுப்புக்கும் பதிவேட்டுக்கும் போய்விடுகிற நாட்களில் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். அவர் இருந்த மையம் ஊர்த்தெருவில். நாங்கள் காலனி. அரிசியை அம்மா வேகவைக்கலாம், முட்டையைத் தட்டில் வைப்பது மட்டும் டீச்சர் கையாக இருக்க வேண்டும் என்று சில வீடுகளில் சொல்லியிருந்தார்கள். டீச்சரும் அதை மீறவில்லை. எழுத்தில் எந்த உத்தரவும் கிடையாது. புகார் கொடுத்திருந்தால் புகார் கொடுக்கவே ஒரு துண்டுக் காகிதம்கூட சாட்சியாக இருந்திருக்காது.

பழைய கதை என்பீர்களா? 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் திரண்டார்கள். 2019-இல் மதுரை மாவட்டம் வலையபட்டி அங்கன்வாடியில் நியமிக்கப்பட்ட இரண்டு தலித் பெண்கள், எதிர்ப்பு கிளம்பியதும் இடம் மாற்றப்பட்டார்கள். எதிர்த்தவர்களை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர்களை நகர்த்திய அந்த நிர்வாகத்துக்குத் தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோட்டீஸ் போனது. "சொந்த ஊரிலேயே வேலை, குடும்பத்துக்கு வசதி" என்கிறார்களே, தலித் பெண்ணுக்குச் சொந்த ஊர் என்பது எது? அவள் தெருவா, அவள் தெருவை ஒதுக்கி வைத்த ஊரா?

இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளிகளிலிருந்து இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். பலர் எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். அவர்களுடைய பணி விதிகள் பற்றிய வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அங்கன்வாடிக்குப் போவது பதவி இறக்கம் என்ற பேச்சு அப்போது எவ்வளவு இயல்பாகப் புழங்கியது! 2022-இல் வகுப்புகளை நிறுத்தப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்புக்குப் பின் தொடர்ந்தபோது, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள். ஒரே வகுப்பறை, அதே குழந்தைகள். நிரந்தர ஆசிரியர் நின்றால் ஒரு சம்பளம், வேலை தேடும் பெண் நின்றால் 5,000.

சரி, "பிள்ளையைக் கூட்டிட்டுப் போகலாம்" என்பதாவது உண்மையா? மையத்தில் உட்காருவது இரண்டு வயது ஆன பிள்ளைகள். அதற்குக் கீழே இருப்பவர்களுக்குச் சத்துமாவு வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். இடுப்பிலிருந்த அந்த ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அங்கே பாயும் கிடையாது, தொட்டிலும் கிடையாது. 2017-இல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்றது, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில். இரண்டு பெண்கள் வேலை செய்யும் அங்கன்வாடி எந்தக் கணக்கில் வரும்? ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பிள்ளையை அவள் மாமியாரோ, பள்ளிக்கூடம் போகாமல் நிற்கும் அவள் மூத்த மகளோ பார்க்கிறார்கள். மையம் மூடினாலும் வேலை முடியாது. 2021-இலிருந்து போஷன் டிராக்கர் செயலி. 2025 ஜூலையிலிருந்து சத்துமாவு வாங்க முகப் பதிவு வேறு. சிக்னல் கிடைக்கும் இடம் தேடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்ற ஒரு அக்காவை நான் பார்த்திருக்கிறேன்.

இதன் மேல் தேசியக் கல்விக் கொள்கை 2020 வந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் கீழே படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம், டி.டி.எச். வழியாகவும் கைபேசி வழியாகவும் என்கிறது. முதல் வகுப்பு ஆசிரியராக இரண்டாண்டுப் பட்டயம் வேண்டும். அதற்கு முந்தைய வயதுக்கு, ராத்திரி சோறாக்கிவிட்டுக் கைபேசியில் பார்த்தால் போதுமாம். குழந்தையின் மூளை வளர்ச்சி ஆறு வயதுக்குள் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களும் இவர்களே.

நம் ஆட்களிடமும் எனக்குச் சண்டை இருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பேராசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீடு என்று நாம் போராடுவது சரி, அதைத் தொடர வேண்டும். ஆனால் நம் மேடையில் அங்கன்வாடி பற்றி யாராவது பேசி எத்தனை நாளாயிற்று? ஊதிய உயர்வுப் போராட்டத்தைத் தொழிற்சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டோம். காலனிப் பிள்ளைக்கு முதல் வகுப்பறையும், காலனிப் பெண்ணுக்குப் பெரும்பாலும் முதல் அரசு வேலையும் அதுவாகத்தான் இருக்கிறது. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அந்தச் சுமையைப் பெருமளவு அரசு ஏற்க வேண்டும் என்றார். பிள்ளை வளர்ப்பைப் பொது விஷயமாக்கிய பேச்சு அது. நாம் அதை டிசம்பர் 6 சுவரொட்டியில்கூடப் போடுவதில்லை.

கேட்க வேண்டியது கையில் இருக்கிறது. மூன்று வயதிலிருந்து கல்வி உரிமை, அதோடு சேர்த்துக் கற்பிப்பவருக்கு ஆசிரியர் பதவி. பயிற்சி என்றால் சம்பளத்தோடு, வேலை நேரத்தில். இரண்டு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு மையத்திலேயே காப்பகம், பணியாளரின் பிள்ளையும் அதில் அடக்கம். பிறகு பதவி உயர்வு. 2022 வழிகாட்டு நெறிகளின்படி பணியாளர் காலியிடங்களில் 50 விழுக்காட்டை ஐந்தாண்டு அனுபவமுள்ள தகுதியான உதவியாளர்களைக் கொண்டு நிரப்ப வேண்டும். மேற்பார்வையாளர் பதவியிலும் 50 விழுக்காடு பணியாளர்களுக்கு. உங்கள் மாவட்டத்தில் எத்தனை உதவியாளர்கள் அப்படி உயர்ந்தார்கள், அவர்களில் பட்டியல் சாதிப் பெண்கள் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம்தான். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், மாவட்ட வாரியாக இங்கேயே வெளியிடுகிறேன்.

அந்தத் தங்கைக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. பணியாளர் இடத்துக்கு வயது 25 ஆக வேண்டும், அவளுக்கு இன்னும் 23. சேர்ந்த இரண்டாம் வாரம் போன் செய்து கேட்டாள்: "அக்கா, நான் பி.ஏ.ன்னு டீச்சர்கிட்ட சொல்லட்டுமா வேணாமா?"