காத்திருக்க முடிந்தவர்களின் சுதந்திரம்

வீடியோ கேம் உலகில் அடிக்கடி கேட்கும் முழக்கம் ஒன்று உண்டு: விளையாடுகிறவருக்குத் தேர்வு வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பதை வாங்குகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஒரு கேமை ஒரே கடைக்குள் பூட்டி வைப்பது துரோகம் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்குள் எழுவது வேறு கேள்வி. அந்த கேமை உருவாக்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருக்குமே, அத்தனை நாளும் அதை உருவாக்கியவள் எதைச் சாப்பிட்டாள்? வீட்டு வாடகையை யார் கொடுத்தார்கள்?

நான் கேம் உருவாக்குபவள் அல்ல, விளையாடுகிறவள். ஆனால் எந்தக் கலையைப் பற்றிப் பேசினாலும் முதலில் கேட்கும்படி பெண்ணியம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தச் சோற்றுக் கேள்வியைத்தான். கலைக்கு முன்னால் நேரம் வேண்டும். நேரத்துக்கு முன்னால் பணம் வேண்டும்.

கணினி கேம்களை விற்கும் இணையக் கடைகளில் பல ஆண்டுகளாக முதலிடத்தில் இருப்பது வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம். அதற்குப் போட்டியாக எபிக் கேம்ஸ் நிறுவனம் 2018 டிசம்பரில் ஒரு கடையைத் திறந்தது. விற்பனையில் ஸ்டீம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். எபிக் தனக்கு 12 சதவீதம் போதும் என்றது. கூடவே, கணினியில் எங்கள் கடையில் மட்டும் விற்பதாக ஒப்புக்கொண்டால், கேம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு பணம் நிச்சயம் என்று பலருக்கு எழுதிக் கொடுத்தது. தமிழ் சினிமா விநியோகத்தில் 'மினிமம் கேரண்டி' என்பார்களே, ஏறக்குறைய அதேதான்.

ஊப்ளெட்ஸ் என்ற கேமை எடுத்துக்கொள்வோம். குட்டி உயிரினங்களைச் செடிபோல வளர்த்து நடனப் போட்டிக்கு அனுப்பும் சாதுவான கேம். ரெபெக்கா கோர்டிங்லி, பென் வாசர் என்ற இருவரின் உழைப்பு. எபிக்குடன் ஒப்பந்தம் செய்துகொண்டதை 2019 ஆகஸ்டில் அறிவித்தார்கள். எல்லாக் கடைகளிலும் விற்றால் எவ்வளவு வரும் என்று எதிர்பார்த்தார்களோ அந்த அளவுக்கு உத்தரவாதம் கிடைத்தது, இனி மாதச் செலவை நினைத்துக் கலங்காமல் வேலை பார்க்கலாம் என்று காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கில் வசைகளும் மிரட்டல்களும் வந்து குவிந்தன. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் போலிப் படங்களும் பரவின.

அறிவிப்பின் தொனி கேலியாக இருந்தது, அதனால்தான் கோபம் என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். 'நீ சொன்னது சரி, சொன்ன விதம்தான் சரியில்லை' என்ற வாக்கியத்தை வாழ்நாளில் ஒருமுறையாவது கேட்காத பெண் நம்மில் யார்? 2014இல் கேமர்கேட் என்ற பெயரில் ஸோயி குவின் என்ற தனி உருவாக்குநரிடம் தொடங்கி, இந்தத் துறையின் பெண்களைக் குறிவைத்து நடந்த வேட்டையின் பாணியும் இதுவே. கடைகளை நடத்தும் பெரும் நிறுவனங்கள் பாதுகாப்பாக இருக்கும். கையில் அகப்படுகிற இருவர் அடி வாங்குவார்கள். அதே ஆகஸ்டில் டார்க் என்ற கேமின் உருவாக்குநர் எபிக்கின் அழைப்பை மறுத்ததைச் சொன்னபோது பாராட்டு குவிந்தது. மறுத்தவர் வீரர், ஏற்றவர்கள் துரோகிகள். மறுப்பதற்கும் கையில் ஏதாவது இருக்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஷென்மூ 3 போல மக்களிடம் முன்கூட்டியே நிதி திரட்டிய கேம்கள், பிறகு வேறு கடைக்கு மாறியபோது பணம் கொடுத்தவர்களுக்கு வந்த கோபத்தில் நியாயம் உண்டு. வாக்கு வாக்குதான். ஆனால் ஊப்ளெட்ஸை வசைபாடியவர்களுக்கு யாரும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இலவசமான இன்னொரு செயலியைக் கணினியில் நிறுவ வேண்டும் என்பதுதான் அவர்கள் சுமக்க வேண்டியிருந்த பாரம்.

இப்போது ஒரு கணக்கு. பத்து டாலர் விலையுள்ள ஒரு கேம் 5,000 பிரதிகள் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50,000 டாலர். 30 சதவீதம் போனால் மீதி 35,000. இரண்டு பேர், மூன்று ஆண்டு வேலை. வரிக்கு முன்பே ஆளுக்கு ஆண்டுக்கு 6,000 டாலர் கூட வரவில்லை. எபிக் 2018இல் சொன்ன 12 சதவீதக் கணக்கில் மீதி 44,000 ஆகியிருக்கும். அதுவும் ஒருவர் பிழைக்கும் சம்பளம் அல்ல. சதவீதத்தைவிட உத்தரவாதம் முக்கியமாவது இங்கேதான்.

பெரியவர்களுக்கு நிலைமை வேறு. எபிக் கடை திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு வால்வ் தன் விதியை மாற்றியது. ஒரு கோடி டாலருக்கு மேல் விற்ற கேமுக்கு அதற்கு மேற்பட்ட விற்பனையில் 25 சதவீதம், ஐந்து கோடியைத் தாண்டினால் 20 சதவீதம். அதாவது அதிகம் சம்பாதிப்பவர் குறைவாகக் கொடுக்கலாம், குறைவாகச் சம்பாதிப்பவர் முழுதாகக் கொடுக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைத்தான் 'திறந்த சந்தை' என்கிறார்கள். தேர்வுரிமைக்காகக் கொதித்தவர்களில் எத்தனை பேர் இதற்காகக் கொதித்தார்கள்?

அப்படியானால் உத்தரவாதம் இல்லாமல் சுதந்திர கேம்கள் எப்படித்தான் உருவாகின்றன? யாரோ ஒருவரின் சம்பளத்தில். ஸ்டார்ட்யூ வேலியை எரிக் பரோன் தனி ஆளாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 2016இல் வெளியிட்டார் என்பது இந்தத் துறையின் புராணக் கதை. திறமையிலும் உழைப்பிலும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் குடும்பச் செலவின் பெரும்பகுதியைச் சுமந்தது வேலைக்குப் போன அவருடைய துணைவி. ஜேசன் ஷ்ரையரின் 2017ஆம் ஆண்டு நூலில் இது பதிவாகியிருக்கிறது. 'தனி ஆள்' என்ற சொல்லுக்குள் ஒரு பெண்ணின் வருமானம் ஒளிந்திருக்கிறது. நம் இலக்கியத்திலும் இது புதிதா என்ன? இப்போது கதையைத் திருப்பிப் போடுங்கள். மனைவி கணினி முன் உட்கார்ந்து கனவு காண, நான்கு ஆண்டுகள் முகம் சுளிக்காமல் சம்பாதித்துப் போடும் கணவர்கள் எத்தனை பேர்? சந்தையின் சுதந்திரம் என்பது காத்திருக்க முடிந்தவர்களின் சுதந்திரம். காத்திருக்க முடியாதவளுக்கு, எழுதிக் கொடுக்கப்பட்ட ஒரு தொகை பேராசை அல்ல, கூலி.

ஆகவே அந்தக் கூலியை வாங்கியவளை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்தவருக்கு நன்றிப் பாட்டும் பாட மாட்டேன்.

ஏனென்றால் கூலி என்றால் உரிமை. இது அன்பளிப்பாகவே இருந்தது, எப்போது வேண்டுமானாலும் நிற்கக்கூடியது. ஆப்பிள் நிறுவனம் 2019 செப்டம்பரில் ஆர்கேட் என்ற சந்தா சேவையைத் தொடங்கி, பல சிறு குழுக்களின் கேம்களுக்கு நிதி கொடுத்தது. 2020 ஏப்ரலில், உருவாகிக்கொண்டிருந்த சில கேம்களின் ஒப்பந்தங்களை ரத்து செய்தது. முடித்த கட்டங்களுக்கான பணத்தைக் கொடுத்தது உண்மைதான். ஆனால் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: சந்தாதாரரை நீண்ட நேரம் பிடித்து வைக்கும் கேம்கள்தான் தேவை. கூகுளின் ஸ்டேடியா 2019 நவம்பரில் வந்தது, 2023 ஜனவரி 18இல் மூடப்பட்டது. மூடப்போகும் செய்தியை அதற்காக வேலை செய்துகொண்டிருந்த உருவாக்குநர்கள் பலர் ஊடகங்களின் வழியாகத்தான் அறிந்தார்கள். காணாமல் போன உறவுக்காரப் பெண்ணைத் தேடிப் போகும் சிறுமியின் கதையான கில்ட், ஸ்டேடியாவுடன் வெளிவந்து, 2023 ஜூலை வரை வேறெங்கும் கிடைக்கவில்லை. வேலி போட்டவர் ஊரை விட்டுப் போனார், வேலி மட்டும் அங்கேயே நின்றது.

எபிக்கும் விலக்கல்ல. 2023 ஆகஸ்டில் அது ஒரு புதிய திட்டத்தை அறிவித்தது: ஆறு மாதம் எங்களிடம் மட்டும் விற்றால் அந்த ஆறு மாத வருமானம் 100 சதவீதமும் உங்களுக்கே. தாராளமாகத் தெரிகிறது, இல்லையா? முன்பணம் இல்லை என்பதைக் கவனித்தால் அந்தத் தாராளம் கரைந்துவிடும். விற்காத கேமின் 100 சதவீதம் பூஜ்யம்தான். வேலி அப்படியே இருக்கிறது, அதற்குக் கொடுத்த விலை போய்விட்டது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் சுமார் 830 பேரை வேலையிலிருந்து நீக்கியது.

'நீண்ட நேரம் பிடித்து வைப்பது' என்ற அளவுகோலை நாம் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட வெண்பாவை நம்மில் சிலர் விளையாடியிருப்போம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாய், தன் அம்மாவின் சிதைந்துபோன சமையல் குறிப்புகளை நினைவிலிருந்து மீட்டு இட்லியும் பிரியாணியும் சமைக்கிறாள். மகன் மொழியை விட்டு விலகிப் போகிறான். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் கேம் முடிந்துவிடும். அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதை 2024இல் வென்றது. அது ஒரே கடைக்குள் அடைபடாமல், பல தளங்களில் ஒரே நாளில் வெளிவந்தது. ஒரு தாயின் அடுப்படியை இவ்வளவு நுட்பமாகச் சொல்லும் கேமை மணிக்கணக்கால் அளந்தால் எத்தனை மதிப்பெண் கிடைக்கும்? எதற்குப் பணம் என்று முடிவு செய்பவர், எந்த வாழ்க்கை கதையாகலாம் என்றும் சேர்த்தே முடிவு செய்கிறார்.

கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். முதலாவது, கடைகளின் கமிஷன் தலைகீழாக வேண்டும். சிறியவருக்குக் குறைவு, பெரியவருக்கு அதிகம். இரண்டாவது, ஒரு நிறுவனம் தன் சேவையை மூடினாலோ ஒப்பந்தத்தை முறித்தாலோ, இழப்பீடும் கேமின் முழு உரிமையும் அன்றே உருவாக்கியவரின் கைக்கு வர வேண்டும். மூன்றாவது, ஒப்பந்தத் தொகைகளைப் பற்றி உருவாக்குநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் தடுக்கும் ரகசிய விதிகள் ஒழிய வேண்டும். யாருக்கு எவ்வளவு என்று தெரியாத இடத்தில் பெண்ணுக்குக் குறைவாகத்தான் கிடைக்கும், இதற்குக் கூலி வேலையின் வரலாறு முழுவதும் சாட்சி. நான்காவது, பொது நிதி. அன்டைட்டில்ட் கூஸ் கேமை உருவாக்கிய மெல்போர்ன் குழுவுக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத் திரைத்துறை அமைப்பு உதவியது. அதே கேம் 2019இல் எபிக்குடன் ஓராண்டு ஒப்பந்தமும் செய்துகொண்டது. அரசு நிதியும் நிலையானதல்ல. ஆஸ்திரேலிய மத்திய அரசு தன் கேம் நிதியை 2014இல் நிறுத்தியது. ஆனாலும் அரசிடம் ஏன் நிறுத்தினாய் என்று கேட்கலாம், வாக்குச் சாவடியில் பதில் சொல்லலாம். ஒரு நிறுவனத்திடம் அப்படிக் கேட்க நமக்கு இடமே இல்லை.

எந்தக் கடையில் வாங்குவது என்ற தேர்வுக்காகக் குரல் கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். கேமை உருவாக்குவதா, வாடகைக்காக வேறு வேலைக்குப் போவதா என்ற இடத்தில் நிற்கும் பெண்ணுக்கும் ஒரு தேர்வு வேண்டும். அந்தத் தேர்வு அவளுக்குக் கிடைக்கும்வரை, கடையைப் பற்றிய இந்தச் சண்டையில் அவளுடைய கேம் அலமாரிக்கே வந்து சேர்ந்திருக்காது.